சங்கிலிக்காரர் வைத்த கல்

பொய் சொல்லியே ஒரு மலையைக் காப்பாற்றிய மனிதரை எனக்குத் தெரியும். மலை இன்னும் இருக்கிறது. அவரும் இருக்கிறார். தலவாக்கலைப் பக்கம் பஸ்ஸில் போகும்போது எங்காவது அவர் கண்ணில் பட்டுவிடுவாரோ என்று எனக்கு ஒரு பயம் உண்டு. பட்டால் என்ன பேசுவது என்று இன்றுவரை தெரியவில்லை.

எங்கள் தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கில், தொழிலாளர் வீட்டு வரிசையான கடைசி லயத்தையும் தாண்டித் தேயிலை முடிகிற இடத்தில் ஒரு சங்கிலி கட்டியிருந்தது. இரண்டு இரும்புக் கம்பம், நடுவில் துருப்பிடித்த சங்கிலி, ஒரு பூட்டு. அதற்கு அந்தப் பக்கம் அரசாங்கக் காடு. மோட்டார் வண்டி எதுவும் உள்ளே போகக்கூடாது என்று மூன்று மொழியிலும் பலகை வைத்திருந்தார்கள். வெள்ளைத் துரைமார் காலத்து வண்டிப்பாதை ஒன்று அந்தக் காட்டை ஊடறுத்துப் போய் மறுபக்கம் ஹட்டன் ரோட்டில் இறங்கும். அந்தப் பாதையில் மனிதர் நடக்கலாம், மரைமான் நடக்கலாம், சக்கரம் மட்டும் உருளக்கூடாது. அதைப் பார்த்துக்கொள்ளக் காட்டு இலாகா, எங்கள் பேச்சில் காட்டுக் கந்தோர், போட்ட ஆள்தான் அவர். எங்கள் லயத்துக்காரர். சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அதைக் கூப்பிட யாருக்கும் ஞாபகம் இருக்கவில்லை. பெரியவர் சிறியவர் எல்லாருக்கும் அவர் சங்கிலிக்காரர்தான்.

நான் அப்போது புள்ளைக்காம்பராவில் வேலை செய்தேன். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் காலையில் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. அதன் ஜன்னலில் நின்றால் சங்கிலி நேரே தெரியும். பிள்ளைகள் தூங்குகிற நேரமெல்லாம் எனக்கு அவர்தான் வேடிக்கை.

வேடிக்கை என்று சொன்னாலும் அதில் என் காரியமும் இருந்தது. காட்டுக்குள் கொஞ்ச தூரத்தில் ஒரு சதுப்பு உண்டு. மேலே புல் மூடியிருக்கும், கால் வைத்தால் முழங்கால் வரை இறங்கும். நாங்கள் தண்ணீர் பிடிக்கிற லயத்துப் பீலிக்கு அங்கிருந்துதான் தண்ணீர் வந்தது. கொழும்பிலிருந்து ஜீப்பிலும் பெரிய பெரிய மோட்டார் சைக்கிளிலும் வருகிற பையன்களுக்கும் அந்தச் சதுப்பின் மேல்தான் கண். சேற்றில் வண்டியை இறக்கி, உறுமவிட்டு, சகதி தெறிக்கத் தெறிக்க வீடியோ எடுத்துக்கொண்டு போவார்கள். அவர்கள் வந்து போனால் எங்கள் பீலியில் நாள்கணக்கில் செந்தண்ணீர் ஓடும். நான் குழந்தைகளுக்குப் பால்மா கரைப்பது அந்தத் தண்ணீரில்தான். எத்தனை மடிப்புத் துணியில் வடித்தாலும் அடியில் வண்டல் நிற்கும். ஒரு மழைக்காலத்தில் காம்பராவில் பாதிப் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். அன்றைக்கு அந்தப் பையன்களில் ஒருவன் என் கையில் கிடைத்திருந்தால் அதே தண்ணீரைக் குடிக்க வைத்திருப்பேன்.

சங்கிலிக்காரர் அப்படிப்பட்டவர் இல்லை. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததேயில்லை. ஒல்லியான ஆள். கந்தோரில் கொடுத்த பச்சைச் சட்டை அவருக்கு ஒரு சுற்றுப் பெரிது. ஒரு விசில் வைத்திருந்தார், அதை ஊத மாட்டார். சட்டம் பேசவும் மாட்டார். "சட்டம்னு சொன்னா அவன் ஒரு சட்டம் சொல்லுவான் தங்கச்சி. அவன் படிச்சவன். போன எடுத்து யாருக்காச்சும் பேசுவான். எனக்கு வேல போயிரும்" என்பார். ஆகவே பொய் சொல்வார். வண்டியையும் ஆளையும் ஒரு பார்வை பார்ப்பார். அந்த ஆளுக்கு எந்தப் பொய் பொருந்தும் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

மோட்டார் சைக்கிள் பையன்களிடம் அட்டையைப் பற்றிச் சொல்வார். சாதாரண அட்டை இல்லையாம், சூட்டுக்கு வருகிற அட்டையாம், எஞ்சினில் ஏறிக் காற்சட்டைக்குள் போய்விடுமாம். போன கிழமை ஒரு மாத்தயாவை, உங்களைப் போன்ற ஒரு ஐயாவை, ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் எடுத்தார்கள் என்று சிங்களத்தில், மிகுந்த மரியாதையோடு, எங்கே ஏறியது என்றும் கையால் காட்டிச் சொல்வார். பையன்கள் சிரிப்பார்கள். பிறகு ஒருவனை ஒருவன் பார்ப்பார்கள். பிறகு வண்டியைத் திருப்புவார்கள். குடும்பத்தோடு ஜீப்பில் வருகிறவர்களுக்குக் குளவி. கூடே இல்லாத ஒரு மரத்தைக் காட்டி, "சத்தம் கேட்டா எறங்கிரும். புள்ளைங்க வேற இருக்காங்க" என்று குரலைத் தாழ்த்துவார். அந்த அம்மா அதற்குள் கண்ணாடியை ஏற்றியிருப்பார். அரசியல்காரர் ஒருவரின் ஆட்கள் வந்து மிரட்டியபோது, அவர்களுக்கும் மேலே உள்ள இன்னொருவரின் பெயரைச் சொல்லி, "ஐயா உள்ளதான் இருக்காரு. யாரையும் விட வேணாம்னாரு. கேட்டுட்டு வரட்டுங்களா?" என்று இரண்டடி நடந்தார். திரும்பிப் பார்க்கும்போது வண்டி இல்லை.

நான் ஜன்னலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன். அவர் என் பக்கம் திரும்பவே மாட்டார், தோள் மட்டும் குலுங்கும்.

அவருக்கு ஒரே மகள். நான் தூக்கி வளர்த்த தாயில்லாத பிள்ளை. புள்ளைக்காம்பராவில் என் இடுப்பை விட்டு இறங்காமல் கிடந்தவள். அவள் பெரியவளாகியும் சாயங்காலம் அப்பாவுக்குத் தேத்தண்ணி கொண்டுவருவாள். வந்ததும் முதல் கேள்வி, "இன்னைக்கு என்ன பொய்யிப்பா?" அவர் சொல்வார், நடித்துக் காட்டுவார். அவள் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள். சங்கிலியும் சேர்ந்து சத்தம் போடும். அந்தப் பிள்ளையைச் சிரிக்க வைக்கத்தான் இந்த மனிதர் இத்தனை பொய்யையும் யோசித்து வைக்கிறாரோ என்றுகூட எனக்குத் தோன்றியதுண்டு.

கொழும்பு ஆட்களை விரட்டுவது அவருக்கு லேசு. அவரால் முடியாமல் போனது எங்கள் ஆட்களை. தோட்டத்து லொறிக்காரனிடமும் ஓட்டோக்காரனிடமும் அட்டைக் கதை சொன்னால் எடுபடுமா? அட்டையோடு பிறந்து அட்டையோடு வளர்ந்தவர்கள். அவர் இந்தப் பக்கம் திரும்பினால் பழைய பூட்டை நெம்பிச் சங்கிலியைக் கழற்றிவிட்டு விறகுக்கு உள்ளே போவார்கள். விறகு வெட்டியது போதாதென்று, அவர் இல்லாத நேரம் பார்த்து வருகிற கொழும்புப் பையன்களின் சாமான்களை ஏற்றி இறக்குவதும் அவர்கள்தான். பீலியில் தண்ணீர் மறுபடியும் சிவந்தது. உங்கள் சொந்தப் பிள்ளைகள் குடிக்கிற தண்ணீர் என்று அவர் கெஞ்சிப் பார்த்தார். "நான் ஒருத்தன் போறதுலயா அண்ணே கலங்குது?" என்று ஒவ்வொருவனும் கேட்டான்.

ஒருநாள் காலை, பனி மூட்டம் விலகாத நேரத்தில், நான் காம்பராவைத் திறக்கப் போனபோது அவர் ஒரு கொழுந்துச் சாக்கைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். முதுகு வளைந்திருந்தது. சங்கிலியின் பக்கத்தில் இறக்கி உருட்டினார். பீலிக்கரையில் நாங்கள் துணி துவைக்கிற கல். அதைக் குத்தாக நிறுத்தினார், மண்ணை அணைத்தார், மஞ்சள் பூசினார், குங்குமம் வைத்தார், சிவப்புத் துணி சுற்றினார், முன்னால் ஒரு சின்னச் சூலத்தை நட்டார். எல்லாம் முடிந்த பிறகுதான் என்னைக் கண்டார்.

"நீ எதையும் பாக்கல தங்கச்சி" என்றார்.

"துணி தொவைக்கிற கல்லாச்சே அண்ணே, நாளைக்கு நாங்க எதுல தொவைக்கிறது?" என்றேன்.

அன்றைக்கு வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் ஆள் கூடியபோது அவர் கனவைச் சொன்னார். காட்டு முனி வந்தாராம். தேயிலை உங்களுக்கு, காடு எனக்கு என்றாராம். என் எல்லைக்குள் சக்கரம் உருண்டால் ஓட்டுகிறவனையோ ஏறுகிறவனையோ ஒருவரை எடுத்துக்கொள்வேன் என்றாராம். சொல்லும்போது அவர் குரல் நடுங்கியது. உண்மை தெரிந்த எனக்கே முதுகு சில்லிட்டது. அவர் அப்படிப்பட்ட கலைஞன்.

மலையில் எந்த மரத்தடியிலும் எந்த வளைவிலும் ஒரு கல் நின்றால் நாங்கள் கேள்வி கேட்பதில்லை. மெசினுக்கு ஒரு சாமி, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக்கு ஒரு சாமி வைத்துக் கும்பிடுகிற சனம். சங்கிலிக்கு ஒரு சாமி இத்தனை நாள் இல்லாததுதான் குறை என்பதுபோல் ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமையே கல்லின் முன்னால் தேங்காய் உடைந்திருந்தது.

கொழுந்து லொறி டிரைவர் மட்டும் நம்பவில்லை. வாலிபன், கல்யாணம் ஆகாதவன், வாய்த்துடுக்கு. சங்கிலிக்காரர் கந்தோருக்குப் போயிருந்த ஒருநாள் தன் தம்பியையும் ஏற்றிக்கொண்டு விறகுக்கு உள்ளே போனான். சதுப்போரத்தில் பாதை இளகிக் கிடந்தது. லொறி சாய்ந்தது. தம்பியின் பாதம் அடியில் அகப்பட்டுக்கொண்டது. உயிர் தப்பியது, பாதி பாதம் போனது. அப்போது அவனுக்கு இருபது வயது. இன்றைக்கும் குதிகாலால்தான் நடக்கிறான்.

மழை பெய்து இளகிய பாதையில் லொறி சாயும். இதைச் சொல்ல முனி தேவையில்லை. ஆனால் டிரைவர் அழுதுகொண்டே சங்கிலியடிக்கு வந்து விழுந்தபோது சங்கிலிக்காரர் அதைச் சொல்லவில்லை. "நான் சொன்னேன்ல" என்றார். சூடம் ஏற்றச் சொன்னார். இனி இந்தக் கல்லைத் தாண்டிச் சக்கரம் உருட்ட மாட்டேன், உருட்டினால் என் வண்டியில் இருக்கிற உயிர் எனக்கில்லை என்று சொல்லவைத்து, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைக்கச் சொன்னார். அணைத்துச் சத்தியம் செய்தால் எங்களில் யாரும் அதை மீறுவதில்லை. அந்தப் பையன் அடித்த அடியில் சூடம் நசுங்கிப் போனது. கை கொப்புளித்தும் அவன் எடுக்கவில்லை.

எனக்கு அது பிடிக்கவில்லை. அவர் தனியாக இருந்தபோது கேட்டேன். "பாவம்ங்கண்ணே. பொய்ச் சாமி மேல சத்தியம் வாங்கலாமா?"

"பீலியப் போய்ப் பாரு தங்கச்சி. தண்ணி எப்படி இருக்குன்னு பாத்துட்டு வந்து கேளு."

போய்ப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது. வடிகட்டாமல் காய்ச்சலாம். நான் மறுபடி கேட்கவில்லை.

அதற்குப் பிறகு கல்லுக்கு வந்த புகழைச் சொல்லி முடியாது. கொட்டகலையிலிருந்தும் கினிகத்தேனையிலிருந்தும் புது ஓட்டோ வாங்கியவர்கள் அங்கே கொண்டுவந்து சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுப் போனார்கள். வண்டி வரக்கூடாது என்று வைத்த கல்லைத் தேடி வண்டிகள் வரிசையில் நின்றன. ஆனால் ஒன்றும் தாண்டவில்லை. சங்கிலி துருப்பிடித்து அறுந்து கிடந்த மாதங்களில்கூட ஒருத்தரும் தாண்டவில்லை. காட்டுக் கந்தோருக்குப் புதிதாக மாறி வந்த சிங்களப் பெரிய மாத்தயா தன் ஜீப்பைக் கல்லுக்கு முன்னாலேயே நிறுத்தி இறங்கினார். அவருக்கு உள்ளே போக அனுமதி உண்டு. "தெய்யோ இன்னவா நே?" சாமி இருக்கிறார் அல்லவா என்று கேட்டு, சப்பாத்தைக் கழற்றி, கும்பிட்டுவிட்டு நடந்தே போனார். போகும்போது புதுச் சங்கிலியும் பூட்டும் தந்து, ஆளுக்கு ஆபத்து என்றால் மட்டும் திறக்கலாம் என்று சாவியைச் சங்கிலிக்காரரிடம் கொடுத்தார். அவர் அதை அரைஞாணில் கட்டிக்கொண்டார். அன்று சாயங்காலம் மகளிடம் அந்தச் சப்பாத்துக் கதையை நடித்துக் காட்டியபோது அவளுக்கு மூச்சு முட்டியது. "அப்பா, நீங்க ஒருநாள் அந்தச் சாமிக்கே பொய் சொல்லிருவீங்க" என்றாள்.

அவளைக் கொட்டகலையில் பேக்கரி ஒன்றில் வேலை செய்கிற பையனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். நல்ல பிள்ளை, அதிகம் பேசமாட்டான். தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு வருவது எங்கள் வழக்கம். வந்தாள். ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்க இன்னும் நாள் இருக்கிறது என்று மருத்துவிச்சி சொல்லியிருந்தார். வயிற்றைத் தாங்கிக்கொண்டு சங்கிலியடிக்கு வந்து பழையபடி சிரித்தாள், ஆனால் சங்கிலியைப் பிடித்துக் குலுங்க முடியவில்லை.

அந்தக் கிழமை மழை விடவேயில்லை. ஒரு பகல் நேரம் கீழே பெரிய சத்தம் கேட்டது. தோட்டத்து ரோட்டில் மண் சரிந்து, மேல்கணக்குக்கு வருகிற ஒரே வண்டிப்பாதை மூடிவிட்டது. ஓட்டோ எல்லாம் சரிவுக்குக் கீழே அகப்பட்டுக்கொண்டன. மேலே இருந்த ஒரே வண்டி, கொழுந்து ஏற்ற வந்து, கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் நின்ற லொறி. அதற்குக் கொஞ்ச நேரத்தில் அவளுக்கு வலி கண்டது. வலி மட்டும் என்றால் நான் சமாளித்திருப்பேன். இரத்தம் போகத் தொடங்கியது. பாயை மாற்றினோம், மறுபடியும் நனைந்தது. எனக்கு அந்த நிறம் புரிந்தது.

சங்கிலிக்காரர் ஓடினார். அந்தப் பெரிய சட்டை மழையில் ஒட்டிக்கொள்ள, அரைஞாணிலிருந்து சாவியைப் பிய்த்து எடுத்து, பூட்டைத் திறந்து, சங்கிலியைத் தரையில் போட்டார். காட்டுப்பாதையால் போனால் ஹட்டன் ரோடு. அங்கிருந்து ஆஸ்பத்திரி கிட்ட. லொறியில் சாக்கு விரித்து அவளைக் கிடத்தினோம். நான் தலைமாட்டில் உட்கார்ந்தேன். லொறி சங்கிலிவரைக்கும் வந்தது. கல்லின் முன்னால் நின்றது.

டிரைவர் இறங்கிவிட்டான்.

"ஏறுடா தம்பி. தெறந்தாச்சு. போ" என்றார் அவர்.

"என்னால முடியாதுண்ணே. நீங்கதானே சூடம் அணைக்கச் சொன்னீங்க. என் வண்டியில இருக்கிற உயிரக் குடுக்கிறேன்னு நான் சொல்லியிருக்கேன். வண்டியில இருக்கிறது தங்கச்சிண்ணே."

"அது சாமி இல்லடா. நான் வச்ச கல்லுடா அது. பீலிக்கரையில துணி தொவைச்ச கல்லு. நீங்க உள்ள போகக்கூடாதுன்னு நான்தான் பொய் சொன்னேன். கனவும் பொய்யி, எல்லாம் பொய்யி."

டிரைவர் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டான். "அப்படிச் சொல்லாதீங்கண்ணே. சாமி கேக்குது. பெத்த பாசத்துல பேசுறீங்க."

"நான் பாத்தேன்டா" என்று நான் லொறியிலிருந்து கத்தினேன். "சாக்குல சுமந்துக்கிட்டு வந்தாரு, என் கண்ணால பாத்தேன். நாங்க தொவைச்ச கல்லுடா." சுற்றிலும் நின்ற சனம் என்னைப் பாவமாகப் பார்த்தது. பிள்ளையை வளர்த்தவள், புத்தி தடுமாறிப் பேசுகிறாள் என்று நினைத்தார்கள்.

அவர் கல்லைக் காலால் உதைத்தார். பெண்கள் அலறினார்கள். யாரோ அவரைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தார்கள். "சாவியக் குடு, வேற யாராச்சும் ஓட்டுங்கடா" என்று கத்தினார். ஓட்டத் தெரிந்தவர்கள் நின்றார்கள். ஒருவருக்கும் கால் எழவில்லை. டிரைவர் அழுதுகொண்டே சாவியைத் தன் வேட்டி மடிப்பில் முடிந்துகொண்டான். அவன் கெட்டவனில்லை. அந்தப் பிள்ளை பிழைக்க வேண்டும் என்று அங்கே நின்றவர்களில் அவனும் ஒருவன். அவளைக் கொல்ல மாட்டேன் என்றுதான் அவன் வண்டியை எடுக்கவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் யார் மேல் கோபப்படுவது என்று விளங்குவதில்லை.

கடைசியில் கம்பளியில் தொட்டில் கட்டித் தடியில் கோத்துச் சுமந்தோம். டிரைவர்தான் முன்தோள் கொடுத்தான். கால்நடையாகப் போக முனி தடை சொல்லவில்லையே. காட்டுப்பாதை முழுக்க அட்டை. அவள் பாதிவழி வரை என் விரலைப் பிடித்திருந்தாள். ரோட்டில் ஒரு வேன்காரர் ஏற்றிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் குழந்தையை உயிரோடு எடுத்தார்கள். அவள் கண் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு லயத்தில் ஒரு கதை உருவானது. யார் தொடங்கியது என்று சொல்ல முடியாது. நான் கேட்கும்போது அது எல்லார் வாயிலும் இருந்தது. சங்கிலிக்காரர் சாமியைக் கல் என்று சொன்னார், காலால் உதைத்தார், சாமி தாயை எடுத்துக்கொண்டது. சக்கரம் தாண்டவில்லை, ஆகவே பிள்ளையை விட்டுக்கொடுத்தது. கேட்கக் கணக்குச் சரியாக இருந்தது. சாவு வீட்டுக்கு வந்தவர்கள் அதையே அவருடைய மருமகனுக்கும் சொல்லி ஆறுதல்படுத்தினார்கள். அவன் அன்றைக்குக் கொட்டகலையில் வேலையில் இருந்தவன். அவனுக்கு வேறு எதுவும் தெரியாது. அவன் அந்தக் கதையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

சங்கிலிக்காரர் பொய் சொல்வதை விட்டுவிட்டார். எனக்கு அதைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. சங்கிலியடியில் உட்கார்ந்துகொண்டு, வருகிற ஒவ்வொருவரிடமும் உண்மையைச் சொன்னார். "இங்க சாமி இல்லீங்க. அட்டை ஒண்ணும் பண்ணாது. குளவி இல்ல. சட்டம் இருக்கு, அதுக்காகப் போக வேணாம்." ஓட்டோக்காரர்கள் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். சாமி அவரை வைத்துச் சோதிக்கிறது என்றார்கள். கொழும்புப் பையன்கள்கூட, சிரிக்காத கண்ணோடு ஒரு மனிதர் இங்கே ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று சொல்வதைக் கேட்டு, ஏனோ தெரியவில்லை, திரும்பிப் போனார்கள். ஒரு காலைநேரம் அவர் கல்லைப் பெயர்த்துப் பள்ளத்தில் உருட்டினார். சனம் தேடி எடுத்து, பால் ஊற்றிக் கழுவி, சிமெந்து போட்டு இருத்தியது. இப்போது அது அசையாது.

பீலியில் தண்ணீர் அந்த வருடம் போல் தெளிந்து ஓடி நான் பார்த்ததில்லை. என்னால் குடிக்க முடியவில்லை. எந்தப் பகலிலும் காம்பரா ஜன்னலில் நின்றால், சங்கிலியைப் பிடித்துக்கொண்டு யாரோ குலுங்குகிற சத்தம் கேட்பதுபோல் இருக்கும். காற்று என்று சொல்லிக்கொள்வேன். காற்றில்லாத நாளிலும் கேட்டது.

பிள்ளைக்கு முதல் மொட்டை போட வேண்டிய நாள் வந்தது. மருமகன் கல்லடியில்தான் போடுவேன் என்று நேர்ந்திருந்தான். பெண் குழந்தை. அம்மாவின் மூக்கு. கொட்டகலையிலிருந்து வேனில் வந்து, எல்லாரையும்போல் தூரத்தில் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வந்தான். முழு லயமும் கூடியிருந்தது. டிரைவரும் ஒதுங்கி நின்றான். பிள்ளை அழுதது, மொட்டை போட்டார்கள், சந்தனம் பூசினார்கள். திருநீறு பூசச் சங்கிலிக்காரரை அழைத்தார்கள். பூசாரி என்று தனியாக அங்கே யாரும் கிடையாது. சனம் அவரைத்தான் அப்படி வைத்திருந்தது.

அவர் தட்டை வாங்கவில்லை. பேத்தியைப் பார்த்தார்.

"மாப்பிள, இந்தப் புள்ளைய இதுக்கு முன்னால கொண்டாந்து நிறுத்தாதீங்க" என்றார். "இது சாமி இல்ல. வண்டி வராம இருக்க நான் சொன்ன பொய்யி. சத்தியமாச் சொல்றேன். லொறி போயிருந்தா அவ இருந்திருப்பா."

மருமகன் எதிர்த்துப் பேசத் தெரியாத பையன். பிள்ளையின் மொட்டைத் தலையில் கை வைத்தபடியே கேட்டான்.

"அப்ப எதுக்கு மாமா அவ செத்தா?"

அவர் வாயைத் திறந்தார். என் பக்கம் ஒரு தடவை பார்த்தார். எனக்கு அவர் முகத்தில் அந்தப் பழைய பார்வை தெரிந்தது, வண்டியிலிருந்து இறங்குகிற ஆளை நிறுத்துப் பார்க்கிற பார்வை. வேண்டாம் அண்ணே என்று சொல்ல நினைத்தேன். என்ன வேண்டாம் என்று எனக்கே தெரியவில்லை.

"எம்மேலதான் குத்தம் மாப்பிள" என்றார். "சாமியக் கல்லுன்னு சொல்லிப்புட்டேன். ஒதைச்சுப்புட்டேன். அதான் கோவிச்சுக்கிட்டாரு. இப்பக்கூடப் பாருங்க, வாய் தவறிப் பேசிப்புட்டேன். நீங்க மனசுல வச்சுக்காதீங்க. சாமி இருக்காரு. புள்ளையப் பாத்துக்குவாரு."

மருமகன் பிள்ளையை அவரிடம் நீட்டினான். அவர் தட்டை வாங்கி, கல்லைப் பார்த்துக் கும்பிட்டு, பேத்தியின் நெற்றியில் திருநீறு பூசினார். எல்லாரும் அவர் சொன்னதை நம்பினார்கள்.